பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வானிலை நிலையம்: ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்க எதை வாங்கலாம்? (அனுபவப் பகிர்வு)

கானாடுகாத்தானிலிருந்து:

எங்கள் வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: ஓட்டுக் கூரை தாங்குமா, வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) இறங்கும் தண்ணீர் அடைக்காமல் வெளியே போகுமா? 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரை வளவைப் பார்த்துச் சரிந்திருந்தால், 20 மி.மீ. மழைக்கே 4,000 லிட்டர் வந்து விழும். தண்ணீர் வாயில் கொஞ்சம் சருகு அடைத்தாலும் பட்டாலை (உயர்ந்த திண்ணை) வரை ஏறிவிடும்.

அதனால் மழை, காற்று, வெப்பம் அளக்கும் வானிலை நிலையம் ஒன்றை வாங்கி, ஹோம் அசிஸ்டன்ட்டோடு (வீட்டுக் கணினியிலேயே ஓடி, கருவிகளை இணைத்து இயக்கும் மென்பொருள்) இணைத்தேன். வாங்கும்போது நான் முதலில் பார்த்தது, கருவி தன் அளவுகளை எங்கே அனுப்புகிறது என்பதைத்தான். சில மாடல்கள் எல்லாவற்றையும் கம்பெனி சர்வருக்கு அனுப்பிவிடும். நம் வீட்டு மழைக் கணக்கை நாம் அங்கிருந்து திரும்ப வாங்க வேண்டும். நம் பக்கம் பெருமழை பிடித்தால் முதலில் போவது நெட். அப்புறம் அந்தக் கருவி இருந்து என்ன பயன்? வீட்டுக்குள்ளேயே நேராகத் தகவல் தருவதை மட்டும் வாங்குங்கள். இகோவிட் கேட்வே (சென்சார் தகவலை வாங்கி வைஃபையில் அனுப்பும் பெட்டி), டேவிஸின் வெதர்லிங்க் லைவ், டெம்பஸ்ட் மூன்றிலும் அந்த வழி இருக்கிறது.

நான் எடுத்தது இகோவிட் ஜிடபிள்யூ1100 கேட்வே. அதன் கஸ்டமைஸ்டு பக்கத்தில் ஹோம் அசிஸ்டன்ட்டின் ஐபி, பாத், போர்ட் (நெட்வொர்க்கில் அதன் முகவரி விவரங்கள்) மூன்றையும் கொடுத்து, 60 விநாடிக்கு ஒருமுறை என்று வைத்தால் போதும். ஆனால் அது எச்டிடிபியில்தான் (மறைகுறியீடு இல்லாத வழி) அனுப்பும். உங்கள் ஹோம் அசிஸ்டன்ட் எச்டிடிபிஎஸ் (மறைகுறியீட்டு வழி) மட்டும் என்று இருந்தால் எதுவும் வந்து சேராது. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். கேட்வேயையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் 20 மி.மீ. தாண்டினால் பின்கட்டில் தங்கியிருக்கும் காவல்கார அண்ணன் அறையில் மணி அடிக்கும். நெட் இல்லாவிட்டாலும் அடிக்கும். அவர் எழுந்து போய்த் தண்ணீர் வாயைப் பார்த்துவிடுவார்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, சென்சார் கேட்வேயோடு பேசும் அலைவரிசையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வருவது பெரும்பாலும் 915 மெகாஹெர்ட்ஸ். அது அமெரிக்காவுக்கானது, இங்கே அந்தப் பக்கம் செல்போன் அலைக்கற்றை இருக்கிறது. 433 என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கும் அதுதான் நல்லது. இன்னொரு வசதி, யுஎஸ்பியில் செருகும் ஒரு எஸ்டிஆர் டாங்கிளும் (ரேடியோ அலையைக் கணினிக்குப் பிடித்துத் தரும் சின்னக் கருவி) ஆர்டிஎல்_433 மென்பொருளும் இருந்தால் பல கம்பெனி சென்சார்களைக் கேட்வேயே இல்லாமல் பிடித்து எம்க்யூடிடி (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) வழியாக உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

மழைமானியில் இரண்டு வகை உண்டு. டிப்பிங் பக்கெட்டில் சீசா பலகை மாதிரி ஒரு சின்னத் தொட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து எண்ணும். கணக்கு சுத்தமாக இருக்கும், ஆனால் புனலைத் துடைத்து வைக்க ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து புனல் வாயில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடியில் சிலந்தி கூடு கட்டும். மற்றது துளி விழும் அதிர்வை வைத்து அளப்பது. அதில் அடைக்க ஒன்றுமில்லை. தூறலை மட்டும் குறைத்துக் காட்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு அதுதான் சரி என்பேன்.

குரங்கு வரும் தெரு என்றால் காற்றை அளக்கச் சுழலும் கிண்ணம் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் அதைப் பிடித்துத் தொங்கியே ஒடித்துவிட்டன. இப்போது அல்ட்ராசோனிக் (ஒலியலையால் காற்றை அளப்பது) வைத்திருக்கிறோம். பிடித்து ஆட்ட அதில் எதுவும் இல்லை. மயில் மட்டும் வந்து உட்காரும்.

காரைக்குடியிலிருந்து:

வெப்பமானியை மொட்டை மாடித் தளத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தளம் விடும் சூடு அதில் ஏறும். தோட்டத்து மண்ணுக்கு மேல், ஆள் நெஞ்சுயரத்தில், காற்றோட்டமான வெள்ளைக் கூட்டுக்குள் தனி சென்சாராக வைத்தால் நம்பலாம்.

மழைக் கணக்கை வானிலைத் துறை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. அவர்களுடைய மழை நாள் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ஹோம் அசிஸ்டன்ட் நள்ளிரவில் புதுக் கணக்கு தொடங்கும். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் ராத்திரியில் கொட்டும்போது இரண்டு கணக்கும் எப்படிச் சேரும்? அதன் யூடிலிட்டி மீட்டரில் (நாள், ஆண்டு வாரியாகக் கூட்டும் வசதி) தினக் கணக்குக்கு 8 மணி 30 நிமிடம் ஆஃப்செட் (தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது) கொடுங்கள். அப்புறம் ஆண்டுக் கணக்கைத் தனியாக ஒரு மீட்டரில் ஓட விடுங்கள். எங்கள் தெரு ஊருணி எந்த மழைக்கு நிரம்புகிறது என்று அதை வைத்துத்தான் பார்த்து வருகிறேன்.