காலையில் மட்டும் மவுண்ட் ஆகாத ஹோம் கோப்புறைகள்

கேள்வி

வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 உபுண்டு கணினிகள் இருக்கின்றன. மாணவர்களின் ஹோம் கோப்புறைகள் ஒரே என்எஃப்எஸ் சர்வரில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சர்வர்) உள்ளன. உள்நுழையும்போது ஆட்டோஎஃப்எஸ் என்ற நிரல் அவற்றைத் தானாக மவுண்ட் செய்யும், அதாவது கணினியோடு இணைக்கும். காலை முதல் வகுப்பில், கணினியைப் போட்டவுடன் உள்நுழையும் நாலைந்து பேருக்கு மட்டும் ‘அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை’ என்ற பிழை வருகிறது. ஒரு நிமிடம் கழித்து முயன்றால் சரியாகிவிடுகிறது. சர்வர் பதிவுகளில் குறை எதுவும் தெரியவில்லை. செய்முறைத் தேர்வு நெருங்குவதால் கவலையாக இருக்கிறது. சாஃப்ட் மவுண்ட் ஆக்கினால் தீருமா?

மறுமொழி 1

சாஃப்ட் வேண்டாம், ஐயா. சர்வர் பதில் தராதபோது அது காத்திராமல் பிழை தந்து விலகிவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையக்கூடும். மாணவர்களின் கோப்புகளுக்கு, சர்வர் பதில் தரும்வரை காத்திருக்கும் ஹார்ட் மவுண்டே பாதுகாப்பு.

நீங்கள் சொன்ன ‘ஒரு நிமிடம்’தான் முக்கியமான தடயம். ஒருமுறை மவுண்ட் தோற்றால், நெகட்டிவ் டைம்அவுட் (தோல்வியை நினைவில் வைத்திருக்கும் காலம்) முடியும்வரை, அதாவது இயல்பாக 60 விநாடிக்கு, ஆட்டோஎஃப்எஸ் சர்வரிடம் கேட்காமலேயே ‘இல்லை’ என்று சொல்லும். எனவே உண்மையான கோளாறு ஓரிரு விநாடியே இருந்திருக்கலாம். ஆட்டோஎஃப்எஸ் அமைப்புக் கோப்பில் லாகிங் மதிப்பை டீபக் (debug, விரிவான பதிவு) என்று மாற்றி, முதல் தோல்வியின் வரியை மட்டும் தேடுங்கள். பின்வருபவை அதன் எதிரொலிகளே.

கேட்டவர்

பார்த்தேன். 9:01:48க்கு நெட்வொர்க் இணைப்பு எழுந்திருக்கிறது. 9:02:06க்கு, சர்வரின் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று மவுண்ட் தோற்றிருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன்: சிக்கல் வருபவை எல்லாம் அண்மையில் வேகமான எஸ்எஸ்டி வட்டு பொருத்திய கணினிகள். ஐபி முகவரிகளைக் கையால் நிலையாகக் கொடுத்திருக்கிறோம்.

மறுமொழி 2

அப்படியானால் சுவிட்சைப் பாருங்கள். ஸ்பேனிங் ட்ரீ என்பது சுவிட்சுகளுக்கிடையே லூப், அதாவது தரவு முடிவின்றிச் சுற்றும் வளையம், உருவாகாமல் தடுக்கும் ஏற்பாடு. அதன் பழைய முறையில், கேபிளில் இணைப்பு எழுந்த பிறகும் அந்த போர்ட் கேட்கும் நிலையில் 15 விநாடி, கற்கும் நிலையில் 15 விநாடி என மொத்தம் 30 விநாடிக்குத் தரவை அனுப்பாது. டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) இருந்தால் முகவரி கிடைக்கும்வரை கணினி காத்திருக்கும். நிலையான முகவரி என்பதால் ‘நெட்வொர்க் தயார்’ என்று, கணினியின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி உடனே முடிவு செய்கிறது, ஆட்டோஎஃப்எஸ்ஸும் அதை நம்பித் தொடங்குகிறது. வட்டு மெதுவாக இருந்தவரை அந்த 30 விநாடி பூட் ஆவதிலேயே கழிந்திருக்கும். எஸ்எஸ்டி வந்ததும் மாணவர் அதற்குள் உள்நுழைந்துவிடுகிறார்.

நெகட்டிவ் டைம்அவுட்டைக் குறைத்தால் வலி குறையும், காரணம் அப்படியே இருக்கும். கணினிகள் செருகியுள்ள போர்ட்களை எட்ஜ் போர்ட்களாக (இந்த 30 விநாடி காத்திராமல் உடனே தரவை அனுப்பும் போர்ட்கள்) மாற்றுவதே சரி.

கேட்டவர்

மிக்க நன்றி. மாற்றி ஒரு வாரம் ஆகிறது. ஒரு தோல்விகூட இல்லை. மற்ற சுவிட்சுகளுக்குச் செல்லும் போர்ட்களிலும் இதைச் செய்யலாமா?

மறுமொழி 2

கூடாது. அங்கே லூப் உருவானால் ஆய்வகம் முழுவதும் முடங்கும். கணினி செருகிய போர்ட்களுக்கு மட்டும் செய்யுங்கள். அவற்றில் பிபிடியு கார்டையும் (யாராவது அங்கே சுவிட்சைச் செருகினால் போர்ட்டை மூடிவிடும் பாதுகாப்பு) போட்டுவிடுங்கள்.