ஒரே ஸ்விட்சில் இரண்டு ஊனோ போர்டு: தனியாக ஓடுகிறது, சேர்ந்தால் விட்டுவிட்டு வருகிறது

குளிர்அறை:
வணக்கம். காய்கறிக் குளிர்கிடங்கு ஒன்றில் அறைக்கொரு ஆர்டுயினோ ஊனோ (சிறு கன்ட்ரோலர் போர்டு), அதோடு டபிள்யூ5500 ஈதர்நெட் மாட்யூல். வெப்பநிலையை எம்கியூடிடி (கருவிகள் சிறு செய்தி அனுப்பும் முறை) வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் மொஸ்கிட்டோ என்ற ப்ரோக்கருக்கு (செய்திகளை வாங்கிக் கைமாற்றும் மென்பொருள்) அனுப்ப வேண்டும். ஒரு போர்டை மட்டும் மாட்டினால் நாள் முழுக்கப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) விடாமல் வருகிறது. இரண்டாவதையும் செருகினால் ரெண்டுமே தடுமாறுகின்றன. நாலைந்து பிங் வரும், அப்புறம் வரிசையாக 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', திரும்ப வரும். லிங்க் லைட் அணையவே இல்லை. ஐபி வேறு வேறுதான், .51, .52. கேபிளும் ஸ்விட்சும் மாற்றியாயிற்று. ராத்திரி அறை சூடேறி யாருக்கும் தெரியாமல் போனால் சரக்கு அத்தனையும் அழுகிவிடும். வழி சொல்லுங்கள்.

மல்டிமீட்டர்:
மாட்யூலுக்கு 3.3 வோல்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஊனோவின் 3.3 பின் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். டபிள்யூ5500 100 மெகாபிட்டில் 132 வரை இழுக்கும்.

குளிர்அறை:
தனி ரெகுலேட்டர் சார். மாட்யூல் பின்னிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.28க்குக் கீழே இறங்கவில்லை.

பழைய_ரௌட்டர்:
அப்படியென்றால் கரண்ட்டை விடுங்கள். தனியாக ஒழுங்கு, சேர்ந்தால் தகராறு என்றாலே எனக்கு மேக் அட்ரஸ் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்) மேல்தான் சந்தேகம். ரெண்டுக்கும் பிங் அடித்த கையோடு கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஏஆர்பி -ஏ' கொடுத்து (எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும்), வருவதை இங்கே போடுங்கள்.

குளிர்அறை:
.51: டிஇ-ஏடி-பிஇ-இஎஃப்-எஃப்இ-இடி
.52: டிஇ-ஏடி-பிஇ-இஎஃப்-எஃப்இ-இடி
லைப்ரரியோடு வரும் சாம்பிள் ஸ்கெட்சில் (புரோகிராமில்) உள்ளதை அப்படியே வைத்திருக்கிறேன்.

பழைய_ரௌட்டர்:
அதேதான். டபிள்யூ5500 சிப்புக்குள் ஃபேக்டரியில் எழுதிய மேக் கிடையாது, புரோகிராமில் கொடுப்பதுதான் அதன் அட்ரஸ். உங்கள் ஸ்விட்ச் ஐபியைப் பார்ப்பதில்லை. அந்த மேக் கடைசியாக எந்தப் போர்ட்டில் இருந்து வந்ததோ, அங்கேதான் பாக்கெட்டைத் தள்ளும். .51க்குப் போக வேண்டியது .52இடம் போய்ச் சேரும், அது தன் ஐபி இல்லையென்று தூக்கிப் போட்டுவிடும். அடுத்து .51 ஏதாவது அனுப்பியதும் திசை மாறும். டிஹெச்சிபி (ஐபியைத் தானாகக் கொடுக்கும் முறை) வைத்திருந்தால் ரெண்டுக்கும் ஒரே ஐபி போய் இன்னும் குழம்பியிருக்கும்.

மேக்கின் கடைசி பைட்டை (கடைசி இரண்டு எழுத்தை) மட்டும் போர்டுக்குப் போர்டு மாற்றுங்கள். முதல் பைட்டில் கை வைத்தால் அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாகவே இருக்கட்டும். அங்கே ஒற்றைப்படை வந்தால் மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அனுப்பும் அட்ரஸ்) ஆகிவிடும். அறைக்கு அறை தனி ஃபர்ம்வேர் வேண்டாம். மேக்கை ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத சிப் நினைவகம்) ஒருமுறை எழுதி, அங்கிருந்து படியுங்கள். யுஎஸ்பி வழியாக எத்தனை முறை அப்லோட் செய்தாலும் அழியாது. ஐஎஸ்பி புரோகிராமர் (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி) என்றால் ஈஈசேவ் ஃபியூஸ் (ஈப்ராமை அழியாமல் காக்கும் சிப் செட்டிங்) போடாவிட்டால் சிப் எரேஸில் அதுவும் போய்விடும், கவனம்.

குளிர்அறை:
பிங் இப்போது நிற்காமல் வருகிறது, ரொம்ப நன்றி அண்ணா. ஆனால் எம்கியூடிடி மட்டும் மாறி மாறி அறுகிறது. மொஸ்கிட்டோ லாக்கில் 'கிளையன்ட் ஆர்டுயினோகிளையன்ட் ஆல்ரெடி கனெக்டட், க்ளோசிங் ஓல்ட் கனெக்ஷன்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

பழைய_ரௌட்டர்:
கிளையன்ட் ஐடியும் (ப்ரோக்கரிடம் போர்டு சொல்லும் பெயர்) ரெண்டிலும் ஒன்றாக இருக்கிறது. அதே ஐடியில் புதிதாக ஒன்று வந்தால் பழைய இணைப்பை ப்ரோக்கர் வெட்டியாக வேண்டும், அது எம்கியூடிடி விதி. வெட்டுப்பட்டது திரும்ப வந்து மற்றதை வெட்டும். மேக்கின் கடைசி பைட்டை ஐடியோடு ஒட்டிவிடுங்கள். சரக்கு இருக்கும் இடம் என்பதால் லாஸ்ட் வில் செய்தியும் (போர்டு திடீரென அறுந்தால் அதன் சார்பில் ப்ரோக்கர் வெளியிடுவது) கட்டாயம் வையுங்கள். போர்டு சத்தமில்லாமல் செத்தாலும், கீப்அலைவ் (போர்டு உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளி) 15 விநாடி என்றால் சுமார் 23 விநாடிக்குள் ப்ரோக்கரே அறிவித்துவிடும்.

குளிர்அறை:
ரெண்டும் சேர்ந்து ஓடுகின்றன. .52இன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், ஆஃப்லைன் செய்தி சரியாக வந்தது. மற்ற அறை போர்டுகளுக்கும் ஈப்ராம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.