உருது பேசுறவங்களுக்கு சிம்பிள் பிரசென்ட்: ‘ஹீ இஸ் கோ’வை எப்படி நிறுத்துறது?

ஐஸ்ஹவுஸ்_டியூஷன் கேட்டது:
திருவல்லிக்கேணியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, வாரம் 3 நாள், ஒரு மணி நேரம். வர்ற 8 பெண்களும் வீட்டில் உருது பேசுறவங்க. தமிழ் நல்லா புரியும், அதனால தமிழ்லயே விளக்கறேன். இஸ், ஆர் பாடம் சுலபமா முடிஞ்சது. சிம்பிள் பிரசென்ட் (வழக்கமா நடக்கிறதைச் சொல்ற ‘ஹீ கோஸ்’ மாதிரி) தொடங்கினதும் எல்லா வாக்கியத்துலயும் இஸ் வந்து உட்கார்ந்துக்குது: ‘ஹீ இஸ் கோ’, ‘ஷீ இஸ் குக்’. கேள்வின்னா ‘வாட் ஹீ கோஸ்?’ எந்த வரிசையில் நடத்தினா சரியாகும்?

கரும்பலகை:
நடுவுல தமிழை எடுத்துடுங்க சகோ. நம்ம ‘போகிறான்’ தினமும் போறதுக்கும் வரும், இப்போ போய்க்கிட்டிருக்கிறதுக்கும் வரும். உருதுவில் அந்தக் குழப்பமே இல்லை. ‘வோ ஜாத்தா ஹை’ன்னா வழக்கமா போறான், அது கோஸ். ‘வோ ஜா ரஹா ஹை’ன்னா இப்போ போறான், அது இஸ் கோயிங். இங்கிலீஷுக்கு வேண்டிய பிரிவு அவங்க மொழியில ஏற்கெனவே இருக்கு.

இஸ் எங்கிருந்து வருதுன்னா, ‘ஹை’யிலிருந்து. ‘வோ டாக்டர் ஹை’ = ‘ஹீ இஸ் எ டாக்டர்’னு முதல்ல பழக்கிட்டோம். அப்புறம் எங்கே ஹை கேட்டாலும் இஸ் போடத்தான் செய்வாங்க. பாட வரிசையோட தப்பு இது, அவங்க தப்பில்லை.

பலகையில உருது வாக்கியத்தை எழுதி, ஹையைக் கையால மறைங்க. மிச்சம் ‘டாக்டர்’, ‘அச்சா’ மாதிரி இருந்தா இஸ். தா, தீ, தே-ன்னு முடியற வினையா இருந்தா அந்த ஹை கரைஞ்சு வினைக்குப் பின்னாடி எஸ் ஆயிடும்: ஜாத்தா ஹை, கோஸ், பக்காத்தீ ஹை, குக்ஸ். ஹை-க்குப் பதில் ஹூன் (நான்), ஹோ (நீ), ஹைன் (பன்மை) வந்தா எஸ் வேண்டாம்.

ஹீ, ஷீயையும் மாத்திச் சொல்வாங்க, அதுக்கும் காரணம் இருக்கு. ‘வோ’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, வினை வந்தாத்தான் தெரியும். இங்கிலீஷ்ல முதல் சொல்லிலேயே முடிவு பண்ணியாகணும். அதனால முதல் வாரம் 6 வினை மட்டும் எடுத்து (கோ, கம், ஈட், குக், ஒர்க், ஸ்லீப்) தா (ஆண்), தீ (பெண்) கலந்து 20 வாக்கியம் வாயாலேயே சொல்ல வைங்க. நோட்டு அப்புறம்.

பைகிராப்ட்ஸ்_வாசகி:
மேலே சொன்னது சரி, ஆனா ரெண்டு இடத்துல சறுக்கும். ‘சஸ்தா ஹை’. தா-ன்னு முடியுது, ஆனா வினை இல்லை. ‘இட் இஸ் சீப்’தான். கடைத்தெருச் சொல், முதல் நாளே வந்துடும். சந்தேகம்னா தா-வுக்குப் பதில் நா போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ‘ஜானா’ உண்டு, ‘சஸ்னா’ கிடையாது.

இன்னொண்ணு மரியாதை. ‘அம்மி பஜார் ஜாத்தீ ஹைன்’. ஒரே ஆள்தான், மரியாதைக்காகப் பன்மை. ‘ஹைன்’ வந்தா எஸ் வேண்டாம்னு பழகினவங்க ‘மதர் கோ’ன்னு எழுதுவாங்க. பெரியவங்க வாக்கியத்துக்கு மட்டும் தலையை எண்ணச் சொல்லுங்க. ஒரு தலைன்னா எஸ்.

மூணாம்_பெஞ்ச்:
கேள்விக்கு வர்றேன். உருதுக் கேள்விச் சொல் ‘கியா’வுக்கு ரெண்டு இடம். வாக்கியத்துக்கு முதல்ல நின்னா நம்ம ‘போறானா’வில் வர்ற ஆ மாதிரி, அது டூ, டஸ்: ‘கியா வோ சாய் பீத்தா ஹை?’, ‘டஸ் ஹீ டிரிங்க் டீ?’ வினைக்கு முன்னாடி நின்னா வாட்: ‘வோ கியா பீத்தா ஹை?’, ‘வாட் டஸ் ஹீ டிரிங்க்?’ கையில இருக்கிறது ஒரே ஒரு எஸ். அதை டஸ் வாங்கிக்கிட்டா வினைக்குக் கிடையாது. ‘டஸ் ஹீ டிரிங்க்ஸ்’ வராம இருக்க இது போதும்.

இல்லைன்னு சொல்லும்போது ‘வோ நஹீ ஜாத்தா’ன்னு ஹை பெரும்பாலும் விழுந்துடும். அதனாலதான் ‘ஹீ நாட் கோ’. தா, தீ, தே வினையோட நஹீ கேட்டதும் டசன்ட், ஐ, யூ, தே-க்கு டோன்ட்.

‘முஜே சாய் பசந்த் ஹை’, ‘மேரே பாஸ் ஃபோன் ஹை’ இந்த ரெண்டையும் கை மறைக்கிற கணக்குக்குள்ள கொண்டு வராதீங்க. ஐ லைக், ஐ ஹேவ்னு அப்படியே மனப்பாடம். ‘எனக்குப் பிடிக்கும்’, ‘என்கிட்ட இருக்கு’ன்னு தமிழும் இதே கட்டுதான், இந்த ஒரு இடத்துல தமிழ் உதவும்.

எஸ் உச்சரிப்பு: ஒர்க்ஸ்ல உருது ஸீன் (س) எழுத்தோட ஒலி, கோஸ்ல உருது ஜே (ز) எழுத்தோட ஒலி. நம்ம எழுத்துல அந்த வித்தியாசம் இல்லை, உருதுவில் இருக்கு. அந்த எழுத்தையே மேல குறிச்சிடுங்க.

ஐஸ்ஹவுஸ்_டியூஷன்:
நன்றி. ஒரு சிக்கல்: இவங்க வீட்டுப் பேச்சு தக்னி, அதாவது தென்னிந்திய உருது. ஹை தனியா கேட்கவே மாட்டேங்குது, ‘ஜாத்தை’ன்னு ஒட்டிக்குது. ரெண்டு பேருக்கு உருது எழுத்தும் தெரியாது.

கரும்பலகை:
அவங்களுக்குக் கையால மறைக்க வேண்டாம், காதால பிரிங்க. வினையோட வாலில் த ஒலி கேட்டா கோஸ், ர ஒலி கேட்டா இஸ் கோயிங். நீங்க தக்னியில் சொல்லுங்க, அவங்க ‘த’வா ‘ர’வான்னு மட்டும் முதல்ல பதில் சொல்லட்டும். 10 வாக்கியம் தப்பில்லாம வந்த பிறகு இங்கிலீஷ்ல சொல்ல வைங்க.