ஆமை ஓடு இளகிப் போகிறது, விற்றமின் டி3 கொடுக்கலாமா?

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் சிவப்புக் காது ஆமைக்கு ஒன்றரை வயது, ஓட்டின் நீளம் 9 சென்டிமீட்டர். மூன்று கிழமையாக ஓட்டின் பின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தினால் நனைந்த காட்போட் மட்டை மாதிரி வளைகிறது. பின்கால்களை இழுத்துக்கொண்டு போகிறது. கண் வீக்கம் இல்லை, தீன் எடுக்கிறது.

பிழை எங்களுடையதுதான். ஒரு வருடமாகக் கூனியும் கோழி இறைச்சியும் மட்டுமே போட்டோம். தொட்டி ஜன்னலோரம்தானே, வெயில் படுகிறதே என்று இருந்துவிட்டோம். உடம்பில் டி3 உண்டாகத் தேவையான, வெயிலில் உள்ள யூவிபி கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்சியத்துக்காகக் கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓட்டை உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்துத் தண்ணீரில் போட்டேன். அது மிதக்கிறது, ஆள் திரும்பியும் பார்க்கவில்லை. இப்போது அதையே தூளாக்கி மீன் துண்டில் பிரட்டிக் கொடுக்கிறேன். பத்து நாளாகக் காலையில் அரை மணித்தியாலம் முற்றத்து வெயில், ஒதுங்க நிழலும் உண்டு. காட்டிய மிருக வைத்தியர் ஆமை பார்த்துப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். கடையில் டி3 கலந்த கல்சியம் தூள் இருக்கிறது. டி3 கூடினாலும் ஆபத்து என்பதால் வாங்காமல் நிற்கிறேன்.

நேர் வெயில் கிடைக்கிற ஆமைக்கு டி3 தூளும் வேண்டுமா, வேண்டுமென்றால் கிழமைக்கு எத்தனை தரம்?