இரண்டு அம்ப் பூட்டியவர்களுக்கு நடந்தவை

பரந்தன் வாசி:
பின்னால் நாலு வயர் முனையுள்ள டவர் பொக்ஸ், உயரமான ஸ்பீக்கர் பெட்டி, தெரியும்தானே. அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பியது. ஒலியைப் பெருக்க ஒரு அம்புக்குப் பதில் இரண்டு பூட்டினேன்: பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, பழைய அம்ப்; மேல் ஒலி தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் புதிதாக வாங்கிய வேறொரு அம்ப். மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்து வைத்திருக்கிற பித்தளைத் தகட்டை முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியே இரண்டு அம்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இடது பொக்ஸில் கழற்றி முடிய கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது இரண்டும் கழற்றியாயிற்று என்ற நினைப்பிலேயே வயரை முடுக்கினேன்.

அப்பா கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அவரோடு வந்த கசெற் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். ஐந்து செக்கன் இருக்காது, டக் என்றது, பிறகு கருகின மணம். வலது பக்கம் அடங்கிவிட்டது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, எழும்பவும் இல்லை. பாட்டு இடது பக்கம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வெறும் விரலால் கழற்றக்கூடிய தகடு அது. இன்னும் மனம் ஆறவில்லை.

மாங்குளத்தான்:
எனக்கு இரைச்சல்தான் பிரச்சினை. இரண்டு அம்பும் மூன்று முள் பிளக், ஒன்று இந்தச் சுவரில், மற்றது எதிர்ச் சுவரில். ஊர் அடங்கிய பிறகு பொக்ஸுக்குள் உம்ம் என்று ஒரே முனகல். ஏர்த் வயரைக் கழற்றிவிடு என்று ஒருவர் சொன்னார், கழற்றினேன், நின்றது. மூன்றாம் நாள் மகள் அம்பின் மேல் கை வைத்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை, பார்த்தாள். அன்றைக்கே திருப்பிப் பூட்டினேன்.

இரண்டு அம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்துங்கள், அநேகமாக அதோடு போய்விடும். ஏர்த்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இன்னொன்று, ஆவணி வெயிலில் எங்கள் மண் காய்ந்து வெடித்தால் ஏர்த் கம்பி பிடிக்காது. அடியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

துணுக்காய் ரேடியோ:
பரந்தன் தம்பி, தகடு ஒரு பக்கம் இருக்கட்டும். பேஸையும் மேல் ஒலியையும் பிரிக்கப் பொக்ஸுக்குள் இருக்கிற குறோஸ்ஓவரை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு அம்ப் பூட்டி என்ன கண்டீர்கள்? இரண்டுக்கும் முழுப் பாட்டும்தான் போகிறது. ட்வீட்டர் அம்பும் பேஸின் வோல்ட்டை முழுக்கத் தூக்க வேண்டும், கரண்ட்தான் குறைவாக இழுக்கும். 50 வாட்ஸும் 50 வாட்ஸும் சேர்ந்து 100 ஆனாலும் கூடுவது 3 டெசிபல், காதுக்கு மட்டுமட்டாகத் தெரியும். உண்மையான பலன் வேண்டுமென்றால் எலக்ட்ரோனிக் குறோஸ்ஓவரை அம்புக்கு முன்னால் வைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பேஸ் அம்ப் திணறினாலும் பாடுகிறவரின் குரல் கிழியாது.

அப்படிச் செய்கிறவர்கள் ட்வீட்டருக்குத் தொடராக ஒரு கப்பாசிட்டர் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஓன் பண்ணும்போது வருகிற அடி நேராக ட்வீட்டரில்தான் விழும். பேஸ் வயரும் ட்வீட்டர் வயரும் மாறாமல் இருக்க முனைகளுக்கு இரண்டு நிற டேப் சுற்றுங்கள். அம்ப் இரண்டும் வேறு வேறு என்றால் பொக்ஸைப் பூட்டும் முன் ஒரே 100 ஹேர்ட்ஸ் ஒலியை இரண்டுக்கும் கொடுத்து, மல்டிமீற்றரால் ஏசி வோல்ட்டைப் பார்த்துச் சமப்படுத்துங்கள். ஓன் பண்ணும்போது அம்பைக் கடைசியாகப் போடுங்கள், ஓஃப் பண்ணும்போது அம்பை முதலில் நிறுத்துங்கள்.

நான் வயரை மாற்றிப் பூட்டி ஒரு ட்வீட்டரை எரித்தவன். ஒரு தவில் அடி, அவ்வளவுதான்.

வற்றாப்பளை:
துணுக்காய் அண்ணை, நீங்கள் சொல்கிற 3 டெசிபல் சரி. ஆனால் பலனே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். என்னுடைய சின்ன வால்வ் அம்ப், கண்ணாடிக் குழாய் வைத்தது, பேஸைத் தூக்காது, மேல் பக்கத்தை மட்டும் கொடுத்தால் அழகாகப் பாடும். தகட்டைக் கழற்றிப் பேஸை மற்ற அம்புக்குக் கொடுத்தேன், பொக்ஸை உடைக்கவில்லை.

முதல் நாள் நாதஸ்வரக் கச்சேரி போட்டேன். குசினிக்குள் இருந்த அம்மா, “நாயனம் வாசலுக்கு வந்திட்டுது, தவில் எங்கேயோ கோயில் பின்வீதியிலை நிக்குது” என்றார். அம்மாவுக்கு அம்ப் என்றால் என்னவென்றே தெரியாது. வால்வ் அம்பின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். “இப்ப வந்திட்டான்” என்று குரல் கேட்டபோது கையை எடுத்தேன். அந்த இடத்தில் பேனையால் கோடு போட்டிருக்கிறேன், இன்றுவரை மாற்றவில்லை. மீற்றர் வைத்தும் பார்த்தேன் அண்ணை, கிட்டத்தட்ட அதே இடம்தான்.

பரந்தன் வாசி:
துணுக்காய் அண்ணை, பலன் இருக்கா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மாங்குளத்தாரே, பிள்ளை சுகம்தானே?

வவுனியாவில் திறந்து பார்த்தார்கள். புதிய அம்பில் வலது பக்க அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன, பழையதில் பியூஸ் மட்டும். பொக்ஸுக்கு ஒன்றும் இல்லை. பியூஸ் மாற்றிப் பழையதை மட்டும் தகட்டோடு பூட்டியிருக்கிறேன், இரண்டு பக்கமும் பாடுகிறது. அப்பா இன்னும் கதிரையை இடது பொக்ஸுக்கு முன்னால்தான் போடுகிறார்.