குழந்தைகள் இல்லத்தில் பீடி, கூல் லிப்: பிடிபட்டால் அடுத்து என்ன?

கேள்வி (இல்லக் காப்பாளர்)
வணக்கம். 14 முதல் 17 வயது வரை பையன்கள் இருக்கும் இல்லம். குளியலறை ஜன்னலில் பீடித் துண்டு, மெத்தை உறைக்குள் தீப்பெட்டி. சம்பந்தப்பட்டவர்களைப் பொங்கலுக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறது நிர்வாகம். அதனால் நிற்குமா? நிக்கோட்டின் சூயிங்கம் கொடுக்கலாமா?

பதில் (ஆற்றுப்படுத்துநர்)
விடுப்பைப் பிடித்து வைத்தால் பீடி நிற்காது சார், பதுக்கும் இடம்தான் மாறும். குளியலறையிலிருந்து துணி அடுக்கும் அறைக்குப் போனால் தீ விபத்துக்கு வழி. அடியும் கூடாது: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 82-இன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம்.

முதலில் யார் பழகிவிட்டான், யார் கூட்டத்தோடு ஊதுகிறான் என்று பிரியுங்கள். “எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி?” என்ற பெரியவர்களுக்கான கேள்வி இங்கே உதவாது. இல்லத்தில் அது உங்கள் பூட்டைத்தான் அளக்கும், அவன் பழக்கத்தை இல்லை. “நிறுத்திப் பார்த்து முடியாமல் போனதா? கிடைக்காத நாளில் எரிச்சல் வருதா? பிடிக்கக்கூடாத இடத்திலும் அடக்க முடியலையா?” என்று தனியாக வைத்துக் கேளுங்கள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலே பழக்கம் அவன் கட்டுப்பாட்டை மீறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். தினமும் பிடிக்காத பையனும் இதில் வருவான்.

விட்ட பிறகு 2, 3-ஆம் நாள்தான் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, பசி. 2 முதல் 4 வாரத்தில் தணியும். அதனால் பரீட்சை வாரத்திலோ, குழந்தைகள் நலக் குழு முன் ஆஜராகும் நாளை ஒட்டியோ தொடங்காதீர்கள். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடம்தான். அந்த நேரத்துக்குத் தண்ணீர், மாடிப்படி, கேரம் எதுவானாலும் சரி. வீட்டிலிருந்து போன் வந்து வைத்த பிறகுள்ள அரை மணி நேரத்திலும் ஏக்கம் கிளம்பலாம், அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பையனுக்கும் தனியாக எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் இதை உடல்நலப் பகுதியில் எழுதுங்கள், நடத்தைக் குறையாக வேண்டாம்.

பதில் (பல் மருத்துவர்)
சூயிங்கம் 18 வயதுக்குக் கீழ் மருத்துவர் சொன்னால் மட்டும். கொடுக்கும்போது ஒவ்வொன்றாக, கண் முன்னே. அட்டையோடு கொடுத்தால் டார்மிட்டரியில் வியாபாரம் தொடங்கிவிடும். சாதாரண கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வரும். காரம் ஏறும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்லணும். முந்தைய 15 நிமிடம் டீ, காபி, ஜூஸ் வேண்டாம். வாயில் அமிலம் இருந்தால் மருந்து சரியாக உள்ளே போகாது.

புகை வாசனையை மட்டும் தேடுகிறீர்கள் போல. கூல் லிப் என்பது உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் சின்னப் புகையிலைப் பை, அதற்குப் புகையே கிடையாது. கீழ் உதட்டைப் புரட்டிப் பாருங்கள்: வெளுத்து, சுருங்கிய தோல் தெரியும். விட்டு 2 வாரமாகியும் மறையவில்லை என்றால் பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பதில் (குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்)
சரக்கு எப்படி உள்ளே வருது? அதைப் பாருங்க முதல்ல. பள்ளிக்குப் போற வழிக் கடை, காவலாளி, சமையல்காரர், இந்த வரிசையில். வேலை வாங்கிக்கிட்டு ஊழியர் ஒரு பீடி நீட்டுற வழக்கம் பல இடத்துல உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 77 படி குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். புகையிலைச் சட்டம் 2003-ல கடைக்காரருக்கு வெறும் 200 ரூபாய், அதை யாரும் மதிக்கறதில்லை. புகார்ல பிரிவு 77-ஐக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்க. ஊழியர் பிடிக்கிற பழக்கம் இருந்தா வளாகத்துக்குள்ள கூடாதுன்னு எழுத்துல போடுங்க.

கேட்டவர்
நன்றி. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் பையன்களைப் பேச வைக்கலாமா?

பதில் (ஆற்றுப்படுத்துநர்)
தாராளமாக. ஆனால் அலுவலக போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரே உட்காராதீர்கள். எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.