காசிமேட்டில் எடுத்த இந்தப் படம் எது?

என் பெரியம்மா தலைகாட்டிய ஒரு படத்தின் பெயர் தெரியாமல் திண்டாடுகிறேன்.

வண்ணப் படம். 2004 சுனாமிக்கு முன்பு, தொண்ணூறுகளின் பிற்பாதியில் எடுத்திருக்க வேண்டும். இடம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக்கூடம். கதாநாயகன் ஐஸ் பெட்டிகள் மேல் ஏறி ஓடுகிறான். துரத்தி வந்த அடியாள் வஞ்சிரக் கூடையில் விழுகிறான். பச்சைப் புடவையும் தலையில் சும்மாடுமாக நின்று அவனைத் திட்டுபவர்தான் பெரியம்மா. நடிப்பெல்லாம் இல்லை, கூடை அவருடையது! அடுத்த காட்சி ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய தூண்களுக்கு நடுவே வருகிறதாம்.

வடசென்னைப் படம் என்று கேட்டாலே எல்லோரும் மூன்று பெயர்களைத்தான் நீட்டுகிறார்கள். ‘மெட்ராஸ்’ 2014இல் வந்தது, அதன் களம் வியாசர்பாடி. ‘வடசென்னை’யின் கதை 1987ஐத் தொட்டாலும் படம் வெளியானது 2018இல். ‘சார்பட்டா பரம்பரை’ நெருக்கடி நிலைக் காலத்துக் கதை, வெளியானது 2021இல். கதை நடக்கும் காலத்தை வைத்துத் தேடினால் இந்தக் குழப்பம்தான் மிச்சம். யூடியூபில் காசிமேடு என்று தேடினால் மீன் வாங்கும் காணொளிகளாகக் கொட்டுகின்றன. துறைமுகத்தில் விசாரித்தேன், படகுக்கு ஒரு கதாநாயகன் பெயர் சொல்கிறார்கள். கேசட் வாடகைக்கு விட்ட கடை எப்போதோ மூடிவிட்டது.

பெரியம்மாவுக்கு நடிகர் முகம் நினைவில்லை, கூடைக்குக் கொடுத்த பணம் மட்டும் நினைவிருக்கிறது.

ஐஸ் பெட்டி ஓட்டமும் ராயபுரம் நிலையமும் அடுத்தடுத்து வரும் அந்தப் படம் எது?